பச்சை வரைபடமும் பழைய வண்ணாரப்பேட்டைச் சந்தும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வட சென்னையில் சிக்னல் சரியில்லை என்று பேச்செடுத்தால் இரண்டு குரல்கள் கேட்கும். தெருவாசி, "இன்னொரு டவர் போடுங்க" என்பார். வாடிக்கையாளர் சேவையில் பேசுபவரோ, "எங்க மேப்ல உங்க ஏரியா பச்சையாத்தான் இருக்கு சார்" என்பார். இருவருமே பொய் சொல்லவில்லை. மேப்பில் பச்சைதான். வீட்டின் பின்கட்டில் போன் பேச முடியாததும் உண்மைதான். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கணக்கு இருக்கிறது. அதற்குள் போடும் எண்கள் நம் தெருக்களைப் பற்றியவை அல்ல என்பதுதான் கோளாறு. ரேடியோ அலை ஊருக்குள் எப்படிப் பரவும் என்று கணினியில் கணித்துப் பார்க்கும் சிமுலேஷன் வேலை தெரிந்தவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம். கடிதம் நீளம்தான். எண்களை விட்டுவிட்டு இதைச் சொன்னால் புலம்பலாகத்தான் இருக்கும்.

2024-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த சேவைத் தர ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு நிறுவனமும் சேவைவாரியான கவரேஜ் வரைபடத்தைத் தன் இணையதளத்தில் போட வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அத்தகைய வரைபடம் தெருத்தெருவாக மீட்டரோடு நடந்து தீட்டுவதல்ல. டவர் எங்கே, ஆன்டெனா எவ்வளவு உயரம், எந்தத் திசை பார்க்கிறது, எத்தனை டிகிரி கீழே சாய்த்திருக்கிறது, எத்தனை வாட், எந்த அலைவரிசை என்பதையெல்லாம் கொடுத்தால் மென்பொருள் ஊரைச் சதுரம் சதுரமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரும். எண்ணுக்கு நிறம் பூசினால் மேப் தயார்.

அந்த எண்ணுக்கு அடிப்படையாகப் பலகாலம் ஓடிக்கொண்டிருப்பது ஒகுமுரா–ஹாட்டா சூத்திரம். ஒகுமுராவின் குழு டோக்கியோ வட்டாரத்தில் அளந்து 1968-இல் வெளியிட்ட வளைகோடுகளை 1980-இல் ஹாட்டா சூத்திரமாக்கினார். கால்குலேட்டரிலேயே போட்டுவிடலாம். ஆனால் அதற்கு வரம்பு உண்டு. அலைவரிசை 150 முதல் 1500 மெகாஹெர்ட்ஸ், ஆன்டெனா 30 முதல் 200 மீட்டர் உயரம், தூரம் 1 முதல் 20 கிலோமீட்டர். பின்னர் காஸ்ட் 231 என்ற ஐரோப்பியக் குழு அதை 2000 மெகாஹெர்ட்ஸ் வரை நீட்டியது. நம் பக்கத்தில் ஆன்டெனா மொட்டைமாடிக் கம்பத்தில் 20, 25 மீட்டரில் நிற்கிறது. அடுத்தது சில நூறு மீட்டரிலேயே வந்துவிடுகிறது. 5ஜி பெரும்பாலும் ஓடுவதோ 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே. மூன்று வரம்பும் போயாயிற்று. வரம்பு மீறினால் சூத்திரம் "எனக்குத் தெரியாது" என்று சொல்லாது. ஏதோ ஓர் எண்ணைக் கொடுத்துவிடும், அதற்கும் நிறம் பூசிவிடுவார்கள்.

நெருக்கமான தெருக்களுக்கென்றே வந்தது வால்ஃபிஷ்–இக்கெகாமி முறை. கட்டிட உயரம், தெரு அகலம், வீடுகளின் இடைவெளி, தெரு டவரைப் பார்க்கும் கோணம் எல்லாம் அதில் உண்டு. 20 மீட்டர் முதல் 5 கிலோமீட்டர் வரை, 800 முதல் 2000 மெகாஹெர்ட்ஸ் வரை செல்லும். அதை வைத்து ஒரு சந்துக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலிருந்து பிரியும் சந்துகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலம் 6 மீட்டர். இருபுறமும் நான்கு தளம், அதாவது 12 மீட்டர். 300 மீட்டர் தள்ளி ஒரு மொட்டைமாடிக் கம்பம், ஆன்டெனா தரையிலிருந்து 24 மீட்டரில். 1800 மெகாஹெர்ட்ஸ் 4ஜி. கையில் போன் 1.5 மீட்டர் உயரத்தில். குறுக்கே எதுவும் இல்லாத வெட்டவெளியாக இருந்தாலே 300 மீட்டருக்கு 87 டெசிபெல் இழப்பு (10 டெசிபெல் இழந்தால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகும்). கூரை விளிம்பில் வளைந்து சந்துக்குள் இறங்க இன்னொரு 28. வழியில் உள்ள கூரைகளைத் தாண்டி வர, 15 மீட்டருக்கு ஒரு வீடு என்று கொண்டால், சுமார் 6. மொத்தம் 121 டெசிபெல். அந்த 28-ஐ மட்டும் சொல்வதானால், கூரை மட்டத்தில் 630 பங்காக இருந்தது தெருவில் ஒரு பங்காகிறது.

அனுப்பும் பக்கம் பார்ப்போம். 40 வாட் சக்தி 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 1200 துணை அலைகளுக்குப் பிரிகிறது. ஒன்றுக்கு 15 டி.பி.எம். (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபெல்லில் சொல்லும் அளவு) கிடைக்கும். ஆன்டெனா 17 டெசிபெல் கூட்டும், கேபிள் ஒன்றைத் தின்னும். கையில் நிற்பது 31. அதிலிருந்து 121-ஐக் கழித்தால் சந்தில் நிற்பவருக்கு ‑90 டி.பி.எம். வருகிறது. போன்கள் ஆர்.எஸ்.ஆர்.பி., அதாவது வந்து சேரும் சிக்னலின் பலம், என்று காட்டும் எண் இதுதான். பூஜ்யத்திலிருந்து கீழே போகப் போகப் பலம் குறைவு. ‑90 என்றால் தாராளமாகப் பச்சை.

இப்போது வீட்டுக்குள் போங்கள். தெருமுகச் சுவர், நடுச்சுவர், அதற்குப் பிறகு பின்கட்டு. இரண்டு செங்கல் சுவர்களுக்கு 15 முதல் 20 டெசிபெல் வைத்தால் ‑105 முதல் ‑110. கணக்கு முடியவில்லை. சூத்திரம் தருவது சராசரி. நிஜத்தில் அதைச் சுற்றி 8 டெசிபெல் அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கும். அப்படியானால் ஆறு இடங்களில் ஒன்றில் கணக்கைவிட 8 டெசிபெல்லுக்கு மேல் குறையும். ஆக ‑118. ‑120-ஐ நெருங்கினால் இணைப்பு அறுந்து அறுந்து வரும். தெருவில் பச்சை, பின்கட்டில் சிவப்பு. நடுவே இருப்பது இரண்டு சுவரும் ஒரு சராசரியும்தான். வரைபடத்தின் கீழே "வெளிப்புறம்", "உட்புறம்" என்ற ஒரு சொல் இருந்திருந்தால் பாதிச் சண்டை தீர்ந்திருக்கும்.

தெருவின் கோணமும் சின்ன விஷயமில்லை. மேலே போட்ட 28 டெசிபெல், டவருக்குக் குறுக்காக ஓடும் சந்துக்கானது. சந்து டவரை நோக்கி நேராக ஓடினால் அதில் 10 குறையும். 55 டிகிரி சாய்வில் 4 கூடும். ஒரே டவர், ஒரே தூரம், முனை திரும்பினால் இணைப்பு போய்விடுகிறது என்று மக்கள் சொல்வது மிகை அல்ல.

சரி, சூத்திரத்தை மாற்றிவிட்டால் போதுமா? போதாது. எதைப் போட்டாலும் அதற்குத் தீனி கட்டிட உயரம். அங்கேதான் வட சென்னை ஏமாற்றுகிறது. பொதுமக்களே சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வீடுகளின் வெளிக்கோடு இருக்கும் இடங்களிலும் மாடி எண்ணிக்கை பெரும்பாலும் இருக்காது. எண் இல்லாத இடத்தில் மென்பொருள் தானாக ஓர் உயரத்தை இட்டு நிரப்பும். மேலே சொன்ன சந்தில் 12 மீட்டருக்குப் பதில் 6 மீட்டர் என்று விழுந்தால் என்ன ஆகும்? தெருவுக்குள் இறங்கும் இழப்பில் 7 டெசிபெல் குறைத்துக் காட்டும், கூரை தாண்டும் இழப்பில் 3. மொத்தம் 10 டெசிபெல். இருக்கும் சிக்னலைப் பத்து மடங்காக்கி வரைபடம் காட்டும். இரண்டு மாடியைத் தவறவிட்டதற்கு இந்த விலை.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொரு புகாருக்கும் விடை கிடைக்கும். "முன்னெல்லாம் நல்லா இருந்துச்சு, இப்ப பவரைக் குறைச்சுட்டாங்க" என்பார்கள். ஆன்டெனா சுற்றுக் கூரைகளைவிட 12 மீட்டர் உயரத்தில் இருப்பதற்காகச் சூத்திரம் 20 டெசிபெல் சலுகை தருகிறது. அக்கம்பக்கத்து ஓட்டு வீடுகளும் இரண்டு மாடி வீடுகளும் இடிந்து, ஸ்டில்ட் வைத்து ஐந்தாறு தளமாக எழும்பி ஆன்டெனா மட்டத்தைத் தொட்டால் அந்தச் சலுகை பூஜ்யம். யாரும் எதையும் குறைக்கவில்லை. ஊர் வளர்ந்தது, ஆன்டெனா வளரவில்லை.

உயரத் தரவு இல்லையென்றால் செயற்கைக்கோள் தரவு இருக்கிறதே என்று சிலர் எஸ்.ஆர்.டி.எம். கோப்பை இறக்கிப் போடுவார்கள். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ராடாரால் அளந்தது, 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. மலைப் பகுதிக்கு அருமையான கோப்பு. ராயபுரத்துக்கும் கொருக்குப்பேட்டைக்கும் அது தொல்லை. நம் தரை கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர்தான், கிட்டத்தட்டத் தட்டை. கோப்பின் உத்தரவாதமோ 16 மீட்டருக்குள் பிழை என்பது. தரையின் மேடு பள்ளத்தைவிடப் பிழை பெரிது என்பதால் இல்லாத குன்றுகள் திரையில் முளைக்கும். போதாததற்கு ராடார் பார்த்தது கூரைகளையும் சேர்த்துத்தான். அந்தத் தரையின் மேல் நாம் மறுபடியும் கட்டிடத்தை வைத்தால் ஒரே வீட்டை இரண்டு முறை எண்ணிய கதை. வட சென்னைக்கு எளிய வழி, தரையை ஒரே மட்டமாக வைத்துவிட்டு முழுக் கவனத்தையும் மாடிகளில் செலுத்துவது. விதிவிலக்காகக் கையால் உயரம் கொடுக்க வேண்டிய இடம் கொடுங்கையூர் குப்பைமேடு.

சூத்திரங்களுக்கு அடுத்த படி கதிர்த்தடம் போடுவது. டவரிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு கதிரும் எந்தச் சுவரில் பட்டு எங்கே திரும்புகிறது என்று கணினி பின்தொடரும். முன்பு இதற்கு லட்சக்கணக்கில் உரிமத் தொகை வேண்டும். இப்போது என்விடியா வெளியிட்ட சியோனா போன்ற திறந்த மென்பொருளே போதும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கட்டிடங்களை பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைமென்பொருளில் இறக்கி, மாடிக்கு 3 மீட்டர் என்று உயரம் திருத்தி, ஒவ்வொரு முகத்துக்கும் செங்கல், கான்கிரீட், உலோகம், கண்ணாடி என்று பொருளைக் குறித்து ஏற்றுமதி செய்ய வேண்டும். அரை கிலோமீட்டர் சதுரம் ஒரு நல்ல கேமிங் கணினியில் ஓடும். மண்டலம் முழுவதையும் ஒரே மூச்சில் ஓட்ட ஆசைப்பட்டால் நினைவகம் நிறைந்து நின்றுவிடும்.

இதில் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். எதிரொலிப்பை, அதாவது சுவரில் பட்டுத் திரும்புவதை, மட்டும் இயக்கிவிட்டு, விளிம்பில் வளைவதையும் சிதறலையும் இயக்க மறப்பார்கள். சந்துகள் முழுக்கக் கறுப்பாக வரும். ‘வட சென்னை இருண்டு கிடக்கிறது’ என்று கட்டுரையும் எழுதிவிடலாம். எதிரொலிப்பு எண்ணிக்கையை ஒன்றில் நிறுத்தினாலும் இதே கதி. குறுகிய தெருவில் மூன்று முதல் ஐந்து தட்டல்களாவது வேண்டும். கட்டிட உருவம் எங்காவது மூடாமல் ஓட்டையாக இருந்தால் கதிர் உள்ளே புகுந்து விளையாடும். பொருள்களின் மின்பண்புகளை சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யூ.வின் பி.2040 பரிந்துரையிலிருந்து எடுப்பது வழக்கம். அதில் செங்கல், கான்கிரீட் மதிப்புகள் 1 கிகாஹெர்ட்ஸுக்கு மேலேதான் செல்லும். 700, 865, 900 மெகாஹெர்ட்ஸுக்கு ஓட்டுபவர்கள் அந்த மதிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு இறக்கக் கூடாது, தனியே அளந்து இட வேண்டும்.

சுவர் விஷயத்தில் நம் பகுதி ஒரு கண்காட்சி. ஜார்ஜ் டவுனில் சுண்ணாம்புச் சாந்து வைத்த தடித்த செங்கல் சுவரும், தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரையும் இன்னும் உண்டு. கூரையில் கம்பி இல்லை. பக்கத்திலேயே ஆர்.சி.சி. தளம், உள்ளே கம்பிச் சட்டம். மொபைல் தரங்களை வகுக்கும் 3ஜிபிபியின் 38.901 அறிக்கை கான்கிரீட்டுக்குத் தரும் வாய்ப்பாடு எளிது. கிகாஹெர்ட்ஸ் எண்ணை நான்கால் பெருக்கி ஐந்தைக் கூட்டுங்கள். 900 மெகாஹெர்ட்ஸில் 8.6 டெசிபெல், 1800-இல் 12.2, 3500-இல் 19. இதனால்தான் 5ஜி தெருவில் பறக்கிறது, வரவேற்பறையில் தவழ்கிறது. வெப்பத்தைத் திருப்பும் பூச்சுக் கண்ணாடிக்கு 24 டெசிபெல், சாதாரண ஜன்னல் கண்ணாடிக்கு மூன்றுகூட இல்லை. எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகள் முகப்பில் ஒட்டும் ஏ.சி.பி. ஷீட் இருபுறமும் அலுமினியம். அலைக்கு அது கதவடைப்பு. அந்தக் கடைக்குள் வெளி டவரைக் கொண்டு சிக்னல் தர நினைப்பது வீண் செலவு. உள்ளேயே ஆன்டெனா போட வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை பெருமளவு விட்டுவிடும், தகரக் கூரை விடாது. கணினி மாதிரியில் இரண்டுக்கும் ஒரே பொருளைக் கொடுத்துவிட்டால் வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கங்களில் கணக்கு எங்கோ போய்விடும்.

எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத சேர்க்கை ஒன்று நம்மிடம் உண்டு: கண்டெய்னர். சாதாரணப் பெட்டியின் உயரம் 2.59 மீட்டர், உயரமான வகை 2.9. ஐந்து அடுக்கினால் 13 முதல் 14.5 மீட்டர், அதாவது நான்கைந்து மாடி இரும்புக் கட்டிடம். காலையில் இருக்கும், மாலையில் இருக்காது. மாதவரம், மணலி, திருவொற்றியூர்ப் பக்கம் கிடங்கை ஒட்டிய தெருவுக்கு ஒரே ஒரு வரைபடம் போதாது. கிடங்கு காலியாக, பாதியாக, நிறைந்து என்று மூன்று முறை ஓட்டி, மூன்றில் மோசமானதை எடுக்க வேண்டும். சாலையில் நிற்கும் டிரெய்லரும் அப்படித்தான், ஏற்றிய உயரம் ஏறக்குறைய 4.4 மீட்டர். விளக்குக் கம்பத்தில் 6 மீட்டரில் ஒரு சிறு ஆன்டெனா வைத்து, 40 மீட்டரில் ஒருவர் நிற்கிறார் என்றால், அவருக்கும் கம்பத்துக்கும் நடுவே அவரிடமிருந்து 26 மீட்டருக்குள் ஒரு கண்டெய்னர் லாரி நின்றாலே நேர்ப்பார்வை அறுந்துவிடும். ஆன்டெனாவை 10 மீட்டருக்கு ஏற்றினால் அந்த அபாய நீளம் 14 மீட்டராகச் சுருங்கும். எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசை கட்டும் இடத்தில் 6 மீட்டர் கம்பம் போடுவதற்கு முன் இந்த ஒரு பெருக்கலையாவது செய்யலாம்.

காசிமேட்டில் கணக்கு தலைகீழ். கடல் மேல் கட்டிடமே இல்லை. கரையில் 25 மீட்டரில் ஆன்டெனா, படகில் 2 மீட்டரில் போன் என்றால், நேர் அலையும் நீரில் பட்டு வரும் அலையும் சேர்ந்து 1.2 கிலோமீட்டர் வரை ஒரு விதமாகவும், அதற்கு அப்பால் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 12 டெசிபெல் குறைவதாகவும் நடக்கும். 5 கிலோமீட்டரில் இந்த இரு-கதிர் முறைக்கும் நகர ஹாட்டா சூத்திரத்துக்கும் 40 டெசிபெல்லுக்கு மேல் வித்தியாசம் வருகிறது. கரை நெடுக ஒரே சூத்திரத்தை இழுத்துப் பூசிய வரைபடம் படகுகளை இருட்டில் விட்டிருக்கும். நிஜத்தில் படகுக்கு அலை வருகிறது, தேவைக்கு மேலேயே வருகிறது. கரையோர டவர்கள் பலவும் ஒரே பலத்தில் கேட்பதால் போன் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தாவிக்கொண்டிருக்கும்.

அளக்காமல் ஓட்டும் சிமுலேஷன் ஜோசியம். அளப்பதற்குப் பெரிய கருவி இல்லையென்றால் ஒரே மாதிரியான இரண்டு ஆண்ட்ராய்டு போன்கள் போதும். ஒரு போனுக்கும் இன்னொன்றுக்கும் பல டெசிபெல் வேறுபடும், ஆகையால் நடுவில் போனை மாற்றக் கூடாது. பையில் வைக்காமல் மார்பு உயரத்தில் நீட்டிப் பிடிக்க வேண்டும். எந்த அலைவரிசை, எந்தச் செல் எண் என்பது ஒவ்வொரு வரியிலும் பதிவாக வேண்டும், இல்லையேல் 900-ஐயும் 1800-ஐயும் கூட்டிச் சராசரி எடுத்துவிடுவோம். அலைகள் ஒன்றோடொன்று மோதுவதால் அரையடி நகர்ந்தாலே எண் குதிக்கும். அதை அடக்க 40 அலைநீளத்துக்குள், 1800-இல் சுமார் 7 மீட்டருக்குள், குறைந்தது 36 அளவுகள் வேண்டும் என்பது பழைய விதி. போன் நொடிக்கு ஒன்றுதான் தரும், 7 மீட்டர் நடக்க ஐந்தாறு நொடி. ஆகவே ஒரே சந்தில் ஆறேழு முறை நடப்பதைத் தவிர வழியில்லை.

ஜி.பி.எஸ்.ஸை நம்பினால் இங்கே மோசம் போகலாம். 6 மீட்டர் சந்தில் வானமே ஒரு கீற்றுதான். 10, 20 மீட்டர் பிழை சர்வசாதாரணம், புள்ளி அடுத்த தெருவில் போய் விழும். தெருமுனை ஈ.பி. பில்லர் பாக்ஸ், மின்கம்பம், கோயில் வாசல் என்று நிலையான அடையாளங்களைக் காகிதத்தில் வரிசைப்படுத்தி, கடக்கும்போது நேரத்தைக் குறித்துக்கொண்டு பிறகு பொருத்துவதே நம்பகமானது. அளந்த தெருக்களில் மூன்றில் இரண்டை வைத்து மாதிரியைத் திருத்துங்கள், மீதியைத் தொடாமல் வைத்துச் சோதியுங்கள். சராசரிப் பிழை பூஜ்யத்துக்கு அருகிலும் பிழைகளின் பரவல் 6 முதல் 8 டெசிபெல்லாகவும் வந்தால் நல்ல மாதிரி. 2 டெசிபெல் என்று யாராவது காட்டினால் பாராட்டாதீர்கள், விடைத்தாளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

இதுவரை சொன்னது அலை வந்து சேர்கிறதா என்பது. அலை வந்தும் வேலை நடக்காமல் போவது தனிக் கதை. தீபாவளிக்கு முந்தைய வாரம் எம்.சி. ரோட்டில் போன் திரையில் சிக்னல் நான்கு கட்டம் நிற்கும், யு.பி.ஐ. சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு டவர்கள் ஒரே அலைவரிசையில் சம பலத்தில் விழும் இடத்தில் ஒன்றின் குரல் மற்றதற்கு இரைச்சல். அங்கே 20 மெகாஹெர்ட்ஸில் கோட்பாட்டு உச்சவரம்பே நொடிக்கு 20 மெகாபிட். இரைச்சலைவிட சிக்னல் நூறு மடங்கு இருக்கும் இடத்தில் அதே உச்சம் 133. அந்த இருபதை 200 பேர் பங்கிட்டால் ஆளுக்கு 100 கிலோபிட், அதுவும் ஏட்டில். இங்கே சாய்வையும் சக்தியையும் திருத்தாமல் இன்னொரு டவர் வைத்தால் கூச்சலில் இன்னொரு ஒலிபெருக்கி சேர்ந்த மாதிரிதான். கவரேஜ் சிமுலேஷன் இதைக் காட்டாது. போக்குவரத்தையும் சேர்த்து ஓட்டும் நெட்வொர்க் சிமுலேஷன் வேண்டும்.

கல்லூரிகளில் அதற்கு என்.எஸ்.-3 அதிகம் புழங்குகிறது. நல்ல கருவி, ஆனால் முன்கூட்டியே இட்டிருக்கும் எண்கள் காலை வாரும். அதன் தூர-மடக்கை இழப்பு மாதிரியில் முதல் மீட்டருக்கான இழப்பு 46.68 டெசிபெல் என்று இருக்கும். அது 5.15 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கானது. குறைந்த சக்தியில் நெடுந்தூரம் செய்தி அனுப்பி, மழைநீர் வடிகாலின் மட்டம் பார்க்கும் லோரா உணரிகளுக்கு, உரிமம் தேவைப்படாத 865 மெகாஹெர்ட்ஸில், அந்த எண் 31.2 தான். மாற்ற மறந்தால் 15 டெசிபெல் பிழை. தூரத்தின் மும்மடிக்கு ஏற்பச் சிக்னல் குறையும் என்று மாதிரி கொள்வதால் தூரத்தில் மூன்று மடங்கு, பரப்பில் பத்து மடங்கு. உணரிகளின் செய்தியை வாங்கும் கேட்வே ஒன்றே போதுமான இடத்துக்குப் பத்து வாங்கச் சொல்லும் அறிக்கை இப்படித்தான் பிறக்கிறது. எட்டாத உணரியை எட்டவைக்க எஸ்.எஃப். என்ற எண்ணை 12-க்கு ஏற்றிவிடலாம் என்பார்கள். அது கூடினால் செய்தி மெதுவாக, நீளமாகப் போகும். எஸ்.எஃப். 7-இல் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடியும் சின்னச் செய்தி, 12-இல் ஒரு நொடிக்கு மேல் காற்றை அடைத்துக்கொள்ளும். கனமழையன்று எல்லா உணரியும் சேர்ந்து கத்தும்போதுதான் மோதல் தெரியவரும், நமக்கு அவை வேண்டியிருப்பதும் அன்றைக்குத்தான். உணரியை இரும்பு மூடிக்குக் கீழே வைத்துவிட்டு வெளியே வைத்ததாகக் கணக்குப் போடுவதும் நடக்கிறது. இன்னொன்று, என்.எஸ்.-3-ஐ அதே ஓட்ட எண்ணோடு (தற்செயல் எண்களின் வரிசையைத் தேர்ந்தெடுக்கும் எண்) நூறு முறை ஓட்டினாலும் ஒரே விடைதான். ஓட்ட எண்ணை மாற்றி இருபது முப்பது முறை ஓட்டி, விடைகளின் பரவலையும் சேர்த்துத் தர வேண்டும்.

டவர் வேண்டாம் என்று போராடும் குடியிருப்புகளும் உண்டு. அந்தப் பயத்துக்கும் இதே கணக்கு உதவும். இந்தியா 2012 செப்டம்பர் முதல் சர்வதேச வரம்பில் பத்தில் ஒன்றைத் தன் வரம்பாக வைத்திருக்கிறது. 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.45 வாட், 1800-இல் 0.9. மேலே சொன்ன 40 வாட் ஆன்டெனா முழுச் சக்தியில் ஓடும்போது, அதன் கதிர்முகத்துக்கு நேரே 30 மீட்டரில் சுமார் 0.14 வாட். ஒரே மாடியில் நான்கைந்து ஆன்டெனாக்கள் என்றால் ஒவ்வொன்றையும் அதனதன் வரம்பால் வகுத்துக் கூட்ட வேண்டும், கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டக் கூடாது. எதிர்வீட்டு மூன்றாம் மாடி ஜன்னலுக்கு இது எவ்வளவு என்று கம்பம் நடும் முன்பே காகிதத்தில் காட்டலாம். காட்டாமல் இரவோடு இரவாக நடுவதால்தான் வதந்தி பரவுகிறது.

யார் என்ன செய்ய முடியும்? மாநகராட்சியிடம் சொத்துவரி மதிப்பீட்டுக்காகத் தள விவரம் இருக்கிறது. உரிமையாளர் பெயர், வரித்தொகை எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, கட்டிட வெளிக்கோட்டையும் தள எண்ணிக்கையையும் மட்டும் திருவொற்றியூர் முதல் திரு.வி.க. நகர் வரையிலான மண்டலங்களுக்கு வெளியிட்டால் மேலே சொன்ன 10 டெசிபெல் பிழையில் பெரும்பகுதி ஒரே நாளில் போய்விடும். அனுமதிக்கு மேல் கட்டிய மாடி அதில் இருக்காது. அதைத் தெருவில் நின்று எண்ண வேண்டும், ஒரு வார்டை நான்கு மாணவர்கள் சில வார இறுதிகளில் எண்ணி முடிக்கலாம். நிறுவனங்கள் வரைபடத்தின் அடியில் எந்தச் சூத்திரம், கட்டிடத் தரவு எந்த ஆண்டு, வெளிப்புறமா உட்புறமா, ஏற்ற இறக்கத்துக்கு எத்தனை டெசிபெல் ஒதுக்கியது என்று நான்கு வரி அச்சிட்டால் போதும். வணிக ரகசியம் எதுவும் அதில் இல்லை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். சிக்னல் புகார் எழுதும் வாசகர்களிடம், "இல்லை" என்ற சொல்லோடு ஓர் எண்ணையும் கேளுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸ் போய், அபவுட் போன், அதற்குள் சிம் ஸ்டேட்டஸ் திறந்தால் ‑95, ‑112 என்று டி.பி.எம். அளவு தெரியும். அந்த எண், 4ஜியா 5ஜியா, எந்தத் தளம், தெருமுக அறையா பின்கட்டா, கதவு திறந்திருந்ததா, மணி என்ன என்பதைத் தெருப் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். அதே எண்ணை வாசலுக்கு வந்து நின்றும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். வாசலில் ‑90, உள்ளே ‑115 என்றால் சுவர்தான் காரணம். இரண்டு இடத்திலும் ‑90 இருந்தும் எதுவும் திறக்கவில்லை என்றால் நெரிசலோ இரைச்சலோ. வாசலிலேயே ‑115 என்றால்தான் டவர் பற்றிப் பேச வேண்டும்.

இப்படிக்கு,
அலைப்பரவல் கணிப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள் சிலர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81.